போறியான்னு கேட்டா

கம்பெனியிலிருந்து போன் வந்தால் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிடுவார். சோற்றுக் கையோடு இருந்தாலும் சரி, துண்டைக் கட்டிக்கொண்டு குளிக்கப் போனாலும் சரி. அந்தப் பக்கம் பேசுகிறவர்களுக்கு இது தெரியவா போகிறது? எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இத்தனைக்கும் ராஜ்கமல் இப்போது சின்ன ஆள் இல்லை. டென்மார்க்கில் எஸ்பியர்க் என்று ஒரு துறைமுக ஊர். மீன் கெடாமல் வைக்கிற குளிர் அறைகளைச் செய்யும் கம்பெனி ஒன்று அங்கே இருக்கிறது. அதில் ஒரு பிரிவுக்கே அவர்தான் பொறுப்பு. அவருக்குக் கீழே வேலை செய்கிற வெள்ளைக்காரர்கள் யாரும் போனுக்கு எழுந்து நிற்பதில்லை.

அவருக்கு மேலே இருப்பது கிர்ஸ்டன் என்கிற அம்மா. அவரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாவும் கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தார். பிறகு தலையெழுத்து என்று விட்டுவிட்டார்.

எல்லாம் இன்டர்ன் காலத்துப் பழக்கம். இவர் புதுச்சேரிப் பக்கத்து நல்லவாட்டுக்காரர். மாமனார் உத்திராபதி கடலுக்குப் போகிறவர், மாமியார் தெய்வநாயகி மீன் விற்கிறவர். பாலிடெக்னிக் முடித்ததும் புதுச்சேரியிலேயே இருந்த இதே கம்பெனியின் கிளையில் இன்டர்னாகச் சேர்ந்தார். கூடச் சேர்ந்தவர்களை எல்லாம் பயிற்சி முடிந்ததும் அனுப்பிவிட்டு இவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வேலை நன்றாகத் தெரியும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சூப்பர்வைசர் எழிலரசன் எதைச் சொன்னாலும் இவர் வாயில் 'ஓகே சார்' தவிர வேறு வார்த்தை வந்ததில்லை. அந்த ஓகே சார்தான் அவரைக் கொச்சிக்குக் கொண்டுபோனது. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் இரண்டு பேரையும் மஸ்கட்டுக்கும், மகள் பிறந்ததும் வியட்நாமுக்கும், கடைசியில் டென்மார்க்குக்கும் இழுத்துக்கொண்டு போனது. வேறு கம்பெனியின் வாசற்படியை அவர் மிதித்ததே இல்லை.

ஊரில் எல்லாருக்கும் பெருமை. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் நான் நர்ஸிங் படித்தவள். பாகூரில் என் அப்பா கடன்பட்டுப் படிக்க வைத்தார். மஸ்கட்டில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்து மருந்து அலமாரிச் சாவியைக் கையில் கொடுத்த சமயத்தில் வியட்நாம் வந்தது. வியட்நாமில் நான் பார்த்த வேலை பால் காய்ச்சியதும் துணி மடித்ததும்தான். டென்மார்க்கில் இனி விடமாட்டேன் என்று மொழி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எழுதுவதில் பாதியை விழுங்கிவிட்டுப் பேசுகிற மொழி அது. முதல் பரீட்சையில் ஃபெயிலாகி, பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்ததில் பாஸ். எஸ்பியர்க் ஆஸ்பத்திரியில், ஊருக்கு லீவில் போய் வந்ததும் சேரச் சொன்னார்கள்.

அதே வாரத்தில்தான் சிலி வந்தது. தென் அமெரிக்காவில் புதுக் கிளை, இவருக்குத் தலைமைப் பதவி. அங்கே வேறு மொழி. என் டேனிஷை வைத்துக்கொண்டு சிலியில் ஒரு மாத்திரைகூடக் கொடுக்க முடியாது. நான் மட்டும் தங்கலாம் என்றால், என் விசா அவர் வேலையை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அவர் கிளம்பினால் எனக்கும் அந்த ஊரில் இடம் கிடையாது.

அந்த நிலையில்தான் நல்லவாட்டுக்கு லீவில் வந்தோம். வந்த அன்றே மாமியார் மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார், மவன் சிலிக்குப் பெரிய ஆளாகப் போகிறான் என்று. சில்லி என்று காதில் வாங்கிய ஒருத்தி, மிளகாய் அங்கேதான் விளையுதா என்று கேட்டாள். ஆமாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். உள்ளே எரிந்தது. இரவு பகல் பார்க்காமல் படித்தவளுக்குத்தானே தெரியும். இவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

இரண்டு நாள் பொறுத்தார். அப்புறம் கொல்லைப் பக்கம் வந்து நின்றார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“கம்பெனிக்காரங்க இல்லன்னா நான் இன்னிக்கி வலதான் இழுத்துக்கினு இருப்பேன் அபி” என்றார்.

“அதுக்காக நான் ஆயுசுக்கும் பொட்டி கட்டிக்கினே இருக்கணுமா? என்ன யாருனா ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. “கமலு, தவளக்குப்பம் வரைக்கும் போயி கோழி வாங்கியாறியாடா?” அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் இவர் கையில் பைக் சாவி இருந்தது.

எனக்குச் சுரீர் என்றது. வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். ஏன் உடனே கிளம்புகிறீர்கள், வாங்கி வருகிறாயா என்று கேள்விதானே கேட்டார்கள் என்றேன்.

“இன்னா பேசற நீ? அது கேள்வியா? மாட்டேன்னு சொல்லிட்டு இந்த வூட்ல சோறு துன்ன முடியுமா?”

வாஸ்தவம்தான். எங்கள் பக்கம் போறியா என்றால் போ என்று அர்த்தம். தண்ணி கொண்டாறியா என்றால் தண்ணீர் வந்தாக வேண்டும். இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் கிர்ஸ்டனுக்குத் தெரியுமா?

சிலி விஷயத்தை அந்த அம்மா எப்படிச் சொன்னார், வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். “வுட் யூ லைக் டு கோ டு சிலி” என்று கேட்டாராம். நம்மவர் எழுந்து நின்று 'ஓகே சார்' என்றாராம்.

“அது கேள்விங்க” என்றேன்.

பெரிய இடத்தில் மரியாதைக்கு அப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தார். எழிலரசன் சாரும் லோடு இறக்குறியா என்றுதான் கேட்பாராம். இறக்கமாட்டேன் என்று சொன்னவன் அந்த வாரமே வீட்டுக்குப் போய்விட்டானாம். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. டேனிஷ் வகுப்பில் முதல் வாரமே எங்களுக்குப் பழக்கியது 'வேண்டாம், நன்றி' என்பதைத்தான். காபி வேண்டுமா, வேண்டாம் நன்றி. உதவட்டுமா, வேண்டாம் நன்றி. அந்த ஊரில் அப்படிச் சொன்னால் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. இதையெல்லாம் சொன்னேன்.

“வேலய உட்டுத் தூக்கிட்டாங்கன்னா?” என்றார்.

நானும் பயந்தேன், அதை ஒளிப்பானேன். அவர் வேலை போனால் விசா போகும், என் ஆஸ்பத்திரியும் போகும், மகள் இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து பேசுகிறாள், அதுவும் போகும். ஆனாலும் இந்த முறை வாயை மூடிக்கொண்டு பெட்டி கட்ட என்னால் முடியாது. போன் போடுங்கள், நானும் கேட்கிற மாதிரி போடுங்கள் என்றேன்.

வாசலில் பைக் பக்கத்தில் நின்றுகொண்டு போட்டார். எதிர்வீட்டில் யாரோ மீனுக்கு ஐஸ் உடைக்கிற சத்தம். கிர்ஸ்டன் எடுத்ததும் இவர் முதுகு தானாக நிமிர்ந்தது. லீவு எப்படிப் போகிறது என்று அந்த அம்மா விசாரித்தார். இவர் அதற்கும் ஓகே சார் என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம், என் மனைவிக்கு வேலை கிடைத்திருக்கிறது சார் என்றார். அடுத்து, கிர்ஸ்டன் அன்று கேட்ட வார்த்தையையே எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“சிலி... ஐ வுட் நாட் லைக், சார்.”

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தால் போகவில்லை. பிறகு கிர்ஸ்டன் பேசினார், கத்திரிக்காய் வேண்டாம் என்றால் காய்கறிக்காரி கேட்டுக்கொள்கிற மாதிரி. சொன்னது நல்லதாயிற்று, இன்னொருவர் சிலிக்குப் போக ஆசையாக இருக்கிறார், அவரிடம் சொல்லிவிடுகிறேன், நீ எஸ்பியர்க்கிலேயே இரு. அபிதாவுக்கு வாழ்த்துச் சொல். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

இவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவ்ளோதானா?”

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தனக்கொடி பார்க்கிறாளே என்றுகூடத் தோன்றவில்லை, முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. கோழி எங்கேடா என்று வாசலுக்கு வந்த மாமியார், விஷயம் தெரிந்ததும் ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே என்று தலையில் கை வைத்தார். அடுத்த நிமிஷமே, மருமவ ஆஸ்பத்திரி வேல பாக்கப் போறான்னு சொல்லிக்கிறேன் போ என்று உள்ளே போனார்.

இவர் பைக்கில் ஏறி உட்கார்ந்தார், கிளப்பவில்லை. முகத்தில் நிம்மதி இருந்தது, கூடவே ஒரு சின்ன வருத்தமும் தெரிந்தது.

“ஏன்னு கூட கேக்கலியே” என்றார். கொஞ்சம் கழித்து, “அப்ப வியட்நாமும் கேள்விதானா?”

“மஸ்கட்டும் கேள்விதான். எல்லாம் கேள்விதான். அதுக்குள்ள என் பாதி வயசு போச்சி. நீ ஒரே ஒரு தடவ வேணாம்னு சொல்லியிருந்தா...” கோபம் வந்தால் எனக்கு 'நீங்க' எல்லாம் பறந்துவிடும்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நானும் ஒவ்வொரு தடவையும் 'போலாமா அபி'ன்னு உன்ன கேட்டனே. நீயும் வேணாம்னு சொன்னதே இல்லியே.”

“அது கேள்வியா?”

“கேள்விதான். நீ எழுந்து பொட்டி எடுத்துடுவ. சரி, உனக்கும் ஆசைதான் போலன்னு நெனச்சிப்பேன்.”

சண்டை பிடிக்க நிறைய வைத்திருந்தேன், ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அடக்க அடக்க வந்தது. அவரும் சிரித்தார். தனக்கொடி இப்போது வேலையை விட்டுவிட்டே எங்களைப் பார்த்தாள்.

“லீவு முடிஞ்சி டென்மார்க்கு போலாமா அபி?” என்றார்.

கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பாமல் இருந்தார், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. கொஞ்ச நேரம் அவரை அப்படியே காக்க வைத்தேன்.

“போலாம்” என்றேன்.