ஏழாவது தாள்

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். ஏழு வருஷத்துக்கு முன், 1961-ல். அப்போது அதற்குப் பெயர் கதையல்ல, விண்ணப்பம். தேக்காவில் ஒரு துணிக்கடை அஞ்சடி நடைபாதையில் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு ஊராருக்கு மனு எழுதிப் பிழைப்பவன் நான். பெயர் ஏரம்பமூர்த்தி. கூப்பிடுவது 'கிராணியார்', அதாவது குமாஸ்தா.

மனு எழுதுகிறவனுக்குக் கொஞ்சம் மெருகு போடும் பழக்கம் உண்டு. கதை எழுதுகிறவனுக்கும் உண்டு. ஆகவே, வாசகரே, என்னை முழுக்க நம்பிவிடாதீர்கள்.

2

தொடக்கம் (முதல் முயற்சி): கருணையே உருவான சந்திரமதி, ஏழைத் தாய்மாரின் கண்ணீரைக் கண்டு மனமுருகி—

சீ! இதைப் படித்தால் அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தொடக்கம் (இரண்டாம் முயற்சி): கெர்போ ரோட்டில் ஒரு மாடி. உத்தரத்தில் பத்துக் கொக்கி. கொக்கிக்கு ஒரு சேலைத் தூளி. ரப்பர் கிடங்கில் வேலை செய்யும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப்போய், மாலையில் வந்து எடுத்துப்போவார்கள். அத்தனையையும் பார்த்துக்கொண்டவள் சந்திரமதி. இருபத்தேழு வயது, வாயில் காரம்.

இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

3

பிள்ளை பார்க்கும் இடத்தை மாத முடிவுக்குள் ஆவணங்களோடு விண்ணப்பித்துப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும் என்று ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூடினால் பத்துத் தாய்மாருக்கும் வேலை போய்விடும். கடிதமும் கையுமாக அவள் என் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம், டாக்டர் சான்று, மாடியின் வரைபடம் என்று நாலு நாளாகச் சேர்த்தோம். (வரைபடம் என் கைவேலை. இரண்டு சன்னலை மூன்றாக்கியிருந்தேன். அவளே ரப்பரை எடுத்து ஒன்றை அழித்தாள்.)

"கட்டில் எத்தனை எண்டு கேக்கிறாங்கள், தங்கச்சி. பத்து எண்டு போடட்டோ?"

"கட்டில் ஏது? தூளின்னு போடுங்க."

"அனுபவம்?"

"மூணு வருஷம்."

"பத்து எண்டால் எடுப்பாயிருக்கும்."

"பத்து வருஷத்துக்கு முன்னால எனக்கு வயசே பதினேழுதான் லா! இப்படிப் புளுக உங்களுக்குக் கூசலையா?"

கூசவில்லை. தொழில் அது.

4

பிறகு அந்தக் கேள்வி வந்தது: உங்கள் பராமரிப்பில் எந்தப் பிள்ளைக்காவது விபத்து நேர்ந்ததா?

'இல்லை' என்று அடிக்க விரல் தானாகவே போயிற்று.

"ஆமான்னு போடுங்க," என்றாள். "அஸ்மத், ஒன்றரை வயசு. தூளி முடிச்சு அவுந்து விழுந்து, எடது கை முறிஞ்சு போச்சு. முடிச்சுப் போட்டது நான்தான். அதையும் போடுங்க."

"உனக்கென்ன விசரோ? இதைப் பாத்தால் பூட்டிப் போடுவாங்கள்!"

"நாளைக்கு இன்னொருத்தி என்னை நம்பிப் பிள்ளைய விடுவா. அவளுக்கு இது தெரிய வேணாமா?"

அவள் சொல்லச் சொல்ல ஏழாவது தாளில் அடித்தேன். அன்றிலிருந்து தூளிக்கு அடியில் மெத்தை விரித்திருப்பது, காலையும் மத்தியானமும் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பது, எல்லாம். மறுநாள் அஸ்மத்தின் தாய் ஜைனப் வந்து அடியில் பெருவிரல் ரேகை வைத்தாள். ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"எம்புள்ள இன்னைக்கும் அவங்ககிட்டதான் இருக்கு. வேற என்னத்தச் சொல்ல?"

எத்தனையோ நற்சான்றிதழ்கள் அடித்திருக்கிறேன். இப்படி ஒன்றை அடித்ததில்லை. (அடிக்குறிப்பு: ஜைனப் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் அப்படியே அடித்தேன். இது மெருகு அல்ல.)

5

முடிவு (அ): அதிகாரி ஏழாவது தாளைப் படிக்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரை குத்துகிறார்.

முடிவு (ஆ): அதிகாரி ஏழாவது தாளைப் படிக்கிறார். உதட்டைப் பிதுக்கி—

இரண்டும் பொய். அதிகாரி அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. உறையை ஒட்டுமுன் நான் அதை உருவிவிட்டேன். கேள்வி இருந்த பக்கத்தைப் புதிதாக அடித்து 'இல்லை' என்று போட்டேன். அவள் கையெழுத்து வேறு பக்கத்தில் இருந்தது, வசதியாகப் போயிற்று. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. என்னைத் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

பதிவுப் பத்திரம் வந்த அன்று ஜிலேபிப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள்.

"பாத்தீங்களா கிராணியார்! உள்ளதை உள்ளபடி எழுதியும் குடுத்துட்டாங்க லா!"

"ஓம்," என்றேன். ஜிலேபியையும் தின்றேன்.

6

இன்று அங்கே முப்பத்தொரு பிள்ளைகள். அதன்பின் ஒரு பிள்ளையும் விழவில்லை. அஸ்மத்துக்கு எட்டு வயது தாண்டிவிட்டது, பள்ளிக்கூடம் விட்டால் நேரே அங்கேதான் வருகிறாள். சந்திரமதியைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை. அவள் பெயரில் இருக்கும் ஒரே பொய் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவள் அவள். இதை நீங்கள் அச்சில் பார்க்கிறீர்கள் என்றால், அவளும் பார்த்துவிட்டாள். என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். நேரே வந்து என்னை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பாள். வாங்கிக்கொள்வேன். பிறகு ஏழாவது தாளைக் கேட்பாள். மேசை இழுப்பறையில் எடுத்து வைத்திருக்கிறேன், ஜைனப்பின் ரேகை கலையவில்லை. அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போவாள்.

விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு: 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்'. அதில் விண்ணப்பதாரரும் எழுதக்கூடாது, மனு எழுதிக் கொடுத்தவனும் எழுதக்கூடாது. முடிவை எழுத, அதிகாரியின் மேசைக்குப் பின்னால் உங்களைத்தான் உட்கார வைத்திருக்கிறேன். அவள் வந்து தாளை நீட்டுவாள். உருவிக்கொள்ள இந்த முறை நான் பக்கத்தில் இருக்கமாட்டேன்.