நான்காவது இலைக்குப் பிறகு

விதை முளைக்கிறது, இரண்டு இலை விடுகிறது, நான்கு இலை விடுகிறது, பிறகு செத்துப்போகிறது. மூன்று முறை விதைத்தும் இதே கதை. நாற்றுப்பண்ணைக்காரிக்கு மண்டை காய்ந்தது.

கடலோரத்து வறண்ட காட்டில், ஒரே ஒரு மணல்மேட்டுச் சரிவில் மட்டும் மிஞ்சியிருந்த செடி அது. முழங்கால் உயரம், மஞ்சள் பூ. அடுத்த மழைக்குள் அந்தச் சரிவில் சாலை வருகிறது. அதற்குள் நாற்று தேறினால் பக்கத்து மேட்டில் நட்டுவிடலாம். தேறாவிட்டால் இந்தக் கரையில் அந்தப் பூவே இருக்காது.

தண்ணீரைக் குறைத்தாள், கூட்டினாள். நிழல்வலை கட்டினாள், அவிழ்த்தாள். உரமும் வைத்துப் பார்த்தாயிற்று. தொட்டிகள் என்னவோ துடைத்துவைத்த மாதிரி இருந்தன. அது அவள் நாத்தனாரின் கைங்கரியம். ஒரு புல் தலைகாட்டினால் போதும், சாமணத்தால் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

"எங்க அண்ணனைக்கூட நீங்க இப்படிக் கவனிச்சதில்ல அண்ணி," என்றாள் நாத்தனார்.

"உங்க அண்ணனுக்குப் பசிச்சா தானே போட்டுத் தின்னுக்குவார். இது என்ன பண்ணும்?"

கடைசியில் இருவரும் காட்டுக்கே போனார்கள். பண்ணைக்காரி ஒரு செடியைப் பிடித்து மெல்ல அசைத்தாள். பக்கத்துப் புல்லும் சேர்ந்து ஆடியது. இரண்டையும் மண்ணோடு அள்ளி வாளித் தண்ணீரில் அலசினாள். செடியின் வேர்கள், குண்டூசித் தலை அளவு வெள்ளை முடிச்சுகளால் புல்வேரைக் கவ்விக்கொண்டிருந்தன. இன்னொரு செடியிலும் அப்படியே.

விஷயம் விளங்கிவிட்டது. இலை பச்சை, ஆகவே தன் சோற்றைச் செடி தானே பொங்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீரும் உப்புச்சத்தும் போதுமான அளவு புல்லின் வேர்வழியாகத்தான் அதற்குக் கிடைக்கும். விதையோடு வந்த கட்டுச்சோறு நான்கு இலைவரை தாங்கும். அதற்குள் ஒரு புல்வேர் கைக்கு எட்டாவிட்டால் பட்டினிதான்.

நாத்தனார் முகம் சுண்டிவிட்டது. "அப்ப நான்தான் கொன்னேனா?"

"பிடுங்கினது நீ, பிடுங்கச் சொன்னது நான். வா, இனி புல்லு விதைப்போம்."

ஜென்மப் பகையாளிக்கு விருந்து வைப்பதுபோல் முனகிக்கொண்டே நாத்தனார் புல்விதையைத் தூவினாள். பிறகு பூவிதை. ஐந்தாம் இலை வந்த காலையில் கூச்சல் போட்டுப் பண்ணையில் இருந்த எல்லோரையும் வரவழைத்தவளும் அவள்தான். இருநூறு தொட்டிகளில் நூற்றெண்பத்து மூன்று தேறின. சாலை இயந்திரம் வருவதற்கு ஒன்பது நாள் முன்பே அத்தனையும் பக்கத்து மேட்டில் நட்டாயிற்று. முதல் மழைக்குப் பின் மேடு முழுக்க மஞ்சள்.

பண்ணைச் சுவரில் பண்ணைக்காரி எழுதி ஒட்டினாள்: முதலில் புல். அது விரல் நீளம் வளர்ந்ததும், அதன் அடியில் பூவிதை. புல் ஓங்கினால் கத்தரிக்கவும், பிடுங்க வேண்டாம். நடும்போது இரண்டையும் ஒரே குழியில் நடவும்.