கலைவாணன் படகு வாங்கிய காரணம்

முதலியார்பேட்டையில் உள்ள ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் மெரினுக்குக் கதை எழுதும் வேலை. சோப்புக்கும் செக்கு எண்ணெய்க்கும் பரம்பரைக் கதைகள் கட்டிக் கட்டி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அன்று நோணாங்குப்பத்துக்குப் போய், புதிதாகச் சுற்றுலாப் படகு விட்டிருந்த கலைவாணனிடம் அவருக்காக எழுதிய பரம்பரைக் கதையை வாசித்துக் காட்டினாள்.

"கடலோடிக் குடும்பமா? எங்கப்பா கொத்தனாரும்மா. தண்ணியக் கண்டாலே பயப்படுவாரு" என்றார் அவர்.

"கதை இருந்தாத்தான் ஜனங்க வருவாங்க சார். சரி, நீங்க ஏன் படகு வாங்குனீங்க?"



"எம் பையன் செத்துப்போனதுலேர்ந்து என் சம்சாரம் யார்கிட்டயும் பேசல. ஒருநாள் இங்க இட்டாந்து ஒரு படகுல உக்கார வச்சேன். பாதி தூரம் போனதும் அவன் பேரச் சொல்லி அழுதுட்டா. வூட்டுக்கு வந்து, பசிக்குதுன்னா. அதான் வாங்குனேன்." சொன்னவர் உடனே பதறினார். "அத எழுதிடாதம்மா."

அதை எழுதினால் ஊரே திரண்டு வரும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டாள், தூக்கம் வரவில்லை.

"நல்ல கதை ஏதாச்சும் கெடச்சுதா?" என்று கேட்டார் முதலாளி யூஜின்.

"இல்ல சார். அவருகிட்ட கதையே இல்ல."

காலையில் கிளம்பும் படகு, கூட்டமில்லை, சத்தமில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

"இதுக்கு யாரு வருவா?" என்று யூஜின் முகம் சுளித்தார்.

"வர்றவங்க வரட்டும் சார்" என்றாள் மெரின்.