அண்ணி மேசையில் மட்டும் பறந்த பல்செட்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் அண்ணி போனில் கேட்ட ஒரு கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டேன். கேள்வி இது:

"தம்பி, விமானம் ஒண்ணுதான். ஒரு கட்டைகூட மாத்தல. என் மேசையில ஜோரா பறக்குது. மத்த எல்லார் மேசையிலயும் விழுது. எப்படி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாத விஷயத்தை வைத்துக் கதை எழுத உட்கார்வது என் பழக்கம். எழுதி முடிப்பதற்குள் விளங்கிவிடும் என்று ஒரு நப்பாசை. முதலில் இப்படித் தொடங்கினேன்:

வானம் நீலமாக இருந்தது, ஏனென்றால் அதை வரைந்தவர்கள் அப்படித்தான்—

(வேண்டாம். மேதாவித்தனம் தெரிகிறது.)

பற்களுக்கும் சிறகுகளுக்கும் உள்ள உறவு ஆதிகாலம் தொட்டே—

(அப்படி ஒரு உறவும் கிடையாது.)

ஆகவே, அண்ணி யார், எந்த விமானம் என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2

அண்ணிக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மெழுகு வைத்து, பல் பதித்து, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் வார்த்து, பளபளவென்று தேய்த்துக் கொடுப்பார். அது யார் வாய்க்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. யார் செய்தது என்று அந்த வாய்க்கும் தெரியாது. பேர் முழுக்க டாக்டருக்கு.

வீட்டுக்கு வந்தால் கணினியில் விமானம் கட்டும் விளையாட்டு. (ஆடாதவர்களுக்கு: சின்னச் சின்னக் கட்டைகளை ஒட்டி விமானம் செய்ய வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் எடை உண்டு. இறக்கையைக் காற்று எவ்வளவு தூக்கும் என்பதை விளையாட்டு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அழகாக இருக்கிறதே என்று ஒரு கிராம்கூடச் சலுகை தராது. எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.)

செய்ததை, இதை ஆடுகிறவர்கள் கூடும் இணையதளத்தில் பகிரலாம். யார் வேண்டுமானாலும் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொண்டு ஓட்டலாம். அங்கே இரண்டு கட்சி. நிஜ விமானத்தை ஆணி பிசகாமல் செய்கிறவர்கள் ஒன்று; பறக்கவே கூடாததைப் பறக்கவைக்கிறவர்கள் மற்றொன்று. அண்ணி இரண்டாவது கட்சி. குடை, தையல் மிஷின், ஒற்றைச் செருப்பு என்று வரிசையாகப் பறக்கவிட்டிருக்கிறார். அங்கே அவர் பெயர் 'கடைவாய்'. அவர் செய்த பொருளில் அவர் பெயர் இருக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

பல்செட் விமானம்தான் அவருடைய மகுடம். மேல்வரிசைதான் இறக்கை. கீழ்வரிசை வயிறு. வாயைத் திறந்தால் காற்று தடுத்து வேகம் குறையும், மூடினால் சீறும். மேகத்தை ஒரு கடி கடித்துவிட்டுப் போவதாக ஒரு காணொளி போட்டார். கூட்டம் அலைமோதி இறக்கியது. அடுத்த நாள் கருத்துப் பகுதி முழுக்க ஒரே ஒப்பாரி. ஓடுபாதையை விட்டு எழுந்ததும் இடப்பக்கம் சாய்ந்து, குட்டிக்கரணம் போட்டு, கடலில் விழுகிறதாம். ஒருவர், "உங்க பல்லு தண்ணிக்குள்ள ஊறுது, எடுத்துப் போட்டுக்குங்க" என்று எழுதியிருந்தார்.

கேலியை அண்ணி பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அந்த இடத்தை நிர்வகிக்கும் 'இரும்புக்கொக்கு' எழுதிய இரண்டு வரி. காணொளி ஜோடிக்கப்பட்டது போலத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பறக்கிற விமானத்தைத் தராவிட்டால், கடைவாய் செய்த எல்லா விமானத்தின் மேலும் 'போலி' என்று முத்திரை விழும்.

3

இந்தக் கதைக்கு அண்ணன் வேண்டுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். "தரையில ஒழுங்கா நிக்கிற பொருளை எதுக்கு மேல ஏத்தணும்?" என்று லிஃப்ட் மெக்கானிக் கேட்பது நியாயமா என்று வாசகர் யோசிப்பார் என்பதால் மட்டும் அவரை வைத்திருக்கிறேன். இரண்டாவது வரைவில் அவரை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்தேன். கதை திக்கித் திணறியது. ஏன் என்று ஐந்தாம் பகுதியில் தெரியும்.

4

ஞாயிறு காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இப்படிப்பட்ட சிக்கலை அவிழ்க்க ஒரு வழிதான் உண்டு. எது எது ஒன்றாக இருக்கிறது, எது வேறாக இருக்கிறது என்று பிரித்துக்கொண்டே வர வேண்டும்.

விமானம் ஒன்றுதான்: அண்ணி பகிர்ந்ததை அவரே மறுபடி இறக்கி ஓட்டினார், பறந்தது. விளையாட்டும் ஒன்றுதான், புதிதாக வந்த மாற்றங்கள்கூட எல்லோரிடமும் இருந்தன. அப்படியென்றால் அண்ணியின் கையில்தான் ஏதோ வித்தை. நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டினேன். மிதிவண்டியைக்கூட நேராக ஓட்டத் தெரியாத எனக்கும் நேராகப் பறந்தது. ஆக, கையும் இல்லை.

அதே விமானத்தை என் மடிக்கணினியில் ஓட்டினேன். இடப்பக்கம், குட்டிக்கரணம், கடல்.

"உங்க கணினிக்கு வேகம் பத்தலையோ?" என்றார் அண்ணி. வேகம் குறைந்தால் மெதுவாக விழ வேண்டும், இடப்பக்கம் பார்த்து ஏன் விழ வேண்டும் என்றேன். என் விளக்கம் எனக்கே பிடித்திருந்தது. ஆனால் பயன் ஒன்றுமில்லை. அண்ணி நகத்தைக் கடிக்கத் தொடங்கினார்.

5

இனி நடந்ததை எழுதக் கூசுகிறது. கதையில் தற்செயல் சிக்கலை உண்டாக்கலாம், தீர்க்கக் கூடாது என்பார்கள்.

அண்ணி இன்னொரு முறை பல்செட்டை மேலே ஏற்றியிருந்தார். அண்ணன் போனில் சார்ஜ் தீர்ந்து வந்தார். கணினியின் பின்னால் கையை விட்டு, ஏதோ ஒரு ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் ஒயரைச் சொருகினார். பல்செட் இடப்பக்கம் சாய்ந்தது. குட்டிக்கரணம். கடல்.

"என்னத்தங்க பிடுங்கினீங்க?"

"ஏதோ ஒயரு. ஒரு பத்து நிமிஷம் பல்லு பறக்காட்டி என்ன இப்போ?"

 அண்ணி திரையையும் அண்ணன் கையில் தொங்கிய ஒயரையும் மாறி மாறிப் பார்த்தார். அது ஜாய்ஸ்டிக்கின், அதாவது விமானத்தைச் சாய்த்து ஓட்டும் கைப்பிடியின், ஒயர். யாரோ பயன்படுத்திவிட்டு விற்றதை வாங்கியது. அது சொருகியிருந்தால் பறக்கிறது. இல்லையென்றால் எல்லோர் வீட்டிலும் விழுவது போலவே இங்கேயும் விழுகிறது.

ஒயரை மறுபடி சொருகி, அமைப்புகளுக்குள் போய், ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கட்டத்தைத் திறந்தார். யாரும் தொடாதபோது புள்ளி நட்டநடுவில் நிற்க வேண்டும். அது கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது.

"வலப்பக்கமே இழுக்குதுன்னு," என்றார் அண்ணி மெதுவாக, "இடது கடைவாய்ப் பல்லுக்குள்ள ஈயக்கட்டை வெச்சேன், தம்பி."

(விளக்கம்: ஜாய்ஸ்டிக் ரகசியமாக வலப்பக்கம் தள்ளியது. ஈயக்கட்டை இடப்பக்கம் இழுத்தது. இரண்டு கோணலும் சேர்ந்து ஒரு நேர். மற்றவர்களுக்கு அவர் கொடுத்தது ஒரு கோணலை மட்டும்.)

"அப்போ குடையிலயும் வெச்சீங்களா?" என்றேன்.

குடையிலும் வைத்திருந்தார். தையல் மிஷினிலும், செருப்பிலும். எல்லாமே கவிழ்ந்திருக்க வேண்டுமே, ஏன் ஒருவரும் சொல்லவில்லை? அண்ணி பழைய கருத்துகளைத் திறந்தார். அருமை. அற்புதம். அட்டகாசம். கைதட்டும் பொம்மைகள். கவிழ்ந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

"ஒருத்தர்கூட ஓட்டிப் பார்க்கல," என்றார். பல்செட்டின் கருத்துகளுக்குத் திரும்பி, "திட்டினாங்க பாருங்க, அவங்கதான் ஓட்டியிருக்காங்க" என்றார்.

இந்த இடத்தில் நான் ஓர் அழகான உவமை எழுதி— [அண்ணி கோடு போட்டு அடித்துவிட்டார்.]

6

ஆமாம், அண்ணி வரைவைப் படித்தார். முதல் ஆட்சேபணை ஐந்தாம் பகுதி மேல். "அவர் ஒயரைப் பிடுங்கினதாலதான் தெரிஞ்சுதுன்னு எழுதினீங்கன்னா, சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவார்." அண்ணன் ஏற்கனவே சொல்லிக்காட்டத் தொடங்கிவிட்டார், லிஃப்ட் வேலையிலும் முதலில் ஒயரைத்தான் பார்க்க வேண்டுமாம். நடுநிலைக்காகப் பதிவு செய்கிறேன்: பிடுங்கியது அவர், யோசித்தது அண்ணி.

இரண்டாவது ஆட்சேபணை, நான்காம் பகுதி புரியவில்லை என்பது. பக்கத்தில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிப் படித்துக்காட்டினேன். இப்போது நன்றாகப் புரிகிறது என்றார். பிறகு தாளையும் என் கையையும் பார்த்தார்.

"இதை வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் படிச்சுக்காட்டுவீங்களா?"

நான்காம் பகுதியைத் திரும்ப எழுதினேன். நீங்கள் படித்தது அதுதான். இன்னும் கவிழ்ந்தால் தயவுசெய்து 'அருமை' என்று எழுதாதீர்கள்.

7

முடிவுக்கு வருவோம். இரும்புக்கொக்கு மன்னிப்புக் கேட்டது என்று ஒரு முடிவு எழுதினேன், இனித்தது. முத்திரை விழுந்தது என்று இன்னொன்று எழுதினேன், அழுகை வந்தது. நடந்ததை நான் சொல்லப்போவதில்லை. ஞாயிறு சாயங்காலம் திருத்திய பல்செட்டை அண்ணி மறுபடி பகிர்ந்தார். கீழே, "புகழ வேண்டாம், ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று எழுதினார். அது போலியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை ஓட்டிப் பார்க்கிறவருக்குத்தான். இறக்கிக்கொள்ளுங்கள்.

உங்களிடமும் இதே சிக்கல் இருந்தால் வழி இதுதான். முதலில் ஜாய்ஸ்டிக்கின் அமைப்புகளைத் திறந்து, கை படாதபோது புள்ளி நடுவில் நிற்கும்படி சரிசெய்யுங்கள். பிறகு இடது கடைவாய்ப் பல்லைத் திறந்து ஈயக்கட்டையை எடுத்துவிடுங்கள். கடைசியில் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி வைத்துவிட்டு, விமானத்தை மேலே ஏற்றி, எதையும் தொடாமல் விடுங்கள். நேராகப் போனால் பகிரலாம்.