பதினைந்து பல்

என் தம்பி "சரிக்கா" என்று சொன்னால் ஒத்துக்கொண்டான் என்று அர்த்தமில்லை. வாயை மூடு என்பதை மரியாதையாகச் சொல்கிறான். பிறந்ததிலிருந்து அவனைப் பார்க்கிறேன், இருந்தும் அன்று காலை நம்பித் தொலைத்தேன்.

மலைமேல் இருக்கும் இந்தக் கார் பட்டறை எங்கள் இருவருக்கும் சொந்தம். அவனுக்குக் கை, எனக்குக் கணக்கு. மலையடிவாரத்து ஊரில் இருக்கும் பல் டாக்டரின் பழைய கார் வந்திருந்தது. மேடேறுவதற்கென்றே செய்த பின் ஆக்சிலைக் கழற்றிவிட்டு, ஓட்டத்துக்குத் தோதான ஒன்றைப் போட்டோம். இனி எஞ்சின் குறைவாகச் சுற்றினாலே வண்டி பழைய தூரம் ஓடிவிடும். ஆனால் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து சுற்றுவது. ஆக்சில் மாறின சங்கதி அதற்குத் தெரியாது, முள் குறைத்துத்தான் காட்டும். கேபிள் முனையில் இருந்த பதினெட்டுப் பல் சக்கரத்துக்குப் பதிலாகப் பதினைந்து பல் போட்டால் கேபிள் வேகமாகச் சுற்றும், முள்ளும் சரியாகிவிடும்.

"வேகம் கூடியிருக்கு, நீ பல்லைக் குறைக்கச் சொல்றியே?" என்றான் தம்பி. கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"சரிக்கா."

மத்தியானம் என் மகளையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினான். டாக்டரிடம் காரையும் ஹாஸ்டலில் அவளையும் விட வேண்டும். அவர்கள் போன பிறகு மேஜையைத் துடைத்தேன். எண்ணெய்த் துணிக்கடியிலிருந்து ஒரு பல் சக்கரம் உருண்டது. புதிதாக வாங்கிய பொட்டலத்தில் வந்தது இரண்டே இரண்டு, ஒன்று பதினைந்து பல், இன்னொன்று இருபது. இதை எண்ணினேன். பதினைந்து. அப்படியானால் வண்டியில் இருப்பது இருபது, முள் முன்னைவிடக் குறைத்துக் காட்டும்.

வண்டி ஓட்டும்போது தம்பி போனை எடுக்க மாட்டான். மகளைக் கூப்பிட்டேன்.

"உன் மாமன் எவ்வளவு வேகத்துல போறான்?"

"அம்பதும்மா. ஆனா ரொம்ப வேகமாப் போற மாதிரி இருக்கு. பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்ங்கிறாரு மாமா."

"ஸ்பீக்கர்ல போடு. தம்பி, ஓரமா நிறுத்துடா! முள்ளு பொய் சொல்லுது."

சிரித்தான். "எஞ்சின் சத்தமே காணோம்க்கா. பூனை மாதிரி போகுது."

சத்தம் எப்படி வரும்? காதும் முள்ளும் கூட்டுச் சேர்ந்து அவனை ஏமாற்றிக்கொண்டிருந்தன. இந்த ஆக்சிலில் இறக்கத்தில் எஞ்சினும் வண்டியைப் பழையபடி பிடிக்காது, பாரமெல்லாம் பிரேக்கின் தலையில். டிரம் பிரேக் சூடேறிவிட்டால் மிதி வெறும் கட்டைதான், வண்டி நிற்காது. அந்தச் சாலை எனக்குத் தெரியும். நேர் இறக்கம் முடிகிற இடத்தில் கொண்டை ஊசி வளைவு.

கத்தினால் இன்னொரு "சரிக்கா" கிடைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"குட்டி, கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது 'கல்லு'ன்னு சொல்லு. அடுத்த கல்லுக்கும் சொல்லு."

சுவர்க் கடிகாரத்தின் முன் போய் நின்றேன். "கல்லு!" என்றாள். ஐம்பதில் போனால் அடுத்த கல்லுக்கு எழுபத்திரண்டு செகண்ட் ஆக வேண்டும். ஆகட்டும் கடவுளே, என் கணக்குப் பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"கல்லு!"

ஐம்பத்து மூன்று.

"நீ அம்பதுல போகலடா, அறுபத்தெட்டுல போற!"

"கல்லு நட்டவன் தூக்கக் கலக்கத்துல நட்டிருப்பான்."

"பதினஞ்சு பல்லு என் கையில இருக்கு. அப்ப உன் வண்டியில எது இருக்கு?"

மகள்தான் பேசினாள். "அம்மா, ஏதோ கருகுற வாடை வருது."

"பிரேக்கை விட்டு விட்டு மிதி! கியரை இறக்கு!"

"இறக்குறேன்க்கா... பிடிக்கலக்கா..."

கியர் அலறியது. "மாமா, வளைவு!" என்று என் மகள் கத்தினாள். லைன் போய்விட்டது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். மணி போகவே இல்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவளை அந்த வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்தி, டாட்டா காட்டியது நான். காலையிலேயே அவன் கையிலிருந்து சக்கரத்தை வாங்கி எண்ணிப் பார்த்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து சுவரில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. தம்பி.

"வளைவுக்கு முன்னால ஒரு மண்மேடு இருந்துச்சு. அதுல ஏத்தி நிறுத்திட்டேன். பாப்பாவுக்கு ஒரு கீறல் இல்லக்கா."

மகள் பக்கத்திலிருந்து "நான் நல்லா இருக்கேம்மா" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"முள்ளு சைபர்ல நிக்குது," என்றான். "கிளம்பினதுலேருந்து இப்பதான் உண்மை சொல்லுது."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். பல் எண்ணத் தெரியாதவன் பல் டாக்டர் வண்டியைத் தொட்டால் இப்படித்தான் என்றேன். என் பிள்ளைடா என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"வண்டியைத் தொடாத. சக்கரத்தை எடுத்துக்கிட்டு நானே வர்றேன். என் கண்ணு முன்னால நீ மாட்டணும்."

"சரிக்கா" வரும் என்று காத்திருந்தேன்.

"எத்தனை பல்லு சொன்ன, அக்கா?" என்று கேட்டான்.