சரக்கைப் பார்க்காத கண்

வாயடைத்துப்போன மனிதரைப் பேசவைக்க இன்றைய விலை, கொஞ்சம் ஓடிய வேன் ஒன்றின் விலை. பேரத்துக்கு இடமில்லை என்று கருவியைக் கொண்டுவந்த பொறியாளர் பெண் முதலிலேயே சொல்லிவிட்டாள். ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். பிரயோஜனம் இல்லையென்றால் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். இன்று கடைசி நாள்.

துணி வியாபாரி கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் அவருக்குக் கண்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. அவற்றைச் சுற்றித் தோலில் மின்முனை வில்லைகளை ஒட்டியிருந்தார்கள். விழி உருளும்போது எழும் துளி மின்சாரத்தை அவை பிடித்துக் கணினிக்கு அனுப்பும்; திரையில் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறாரோ அது திறக்கும். ஆனால் தண்ணீர் வேண்டுமானால் குவளைப் படத்தைப் பாருங்கள் என்றால், அவர் பார்வை மூலையிலிருந்த மின்விசிறிப் படத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. உதடு காய்ந்து வெடித்திருந்தும் அப்படித்தான்.

"சிக்னல் சுத்தமா வருதுக்கா. ஐயாவுக்குத்தான்..." பெண் இழுத்தாள். "நாம சொல்றது புரியலையோ என்னவோ."

மனைவி கட்டிலருகே வந்தாள். டாக்டரும் அதைத்தான் சொல்லாமல் சொல்லியிருந்தார். ஏழு மாதமாகச் சுவரோடா பேசிக்கொண்டிருந்தாள்? குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த அலட்சியம் அவளுக்குப் பழக்கமானது. கொள்முதலுக்குப் போன இடத்தில் மனசுக்குப் பிடித்த சரக்கு காலடியில் கிடக்கும். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆசை கண்ணில் தெரிந்தால் விலை ஏறிவிடுமே!

"அட பாவி மனுஷா," என்றாள். "பாப்பா, வேணுங்கிறதை இவரு திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. இவரை வாங்கச் சொல்லாத. விக்கச் சொல்லு."

பெண் ஒன்றும் விளங்காமல் எழுத்துப் பலகையைத் திறந்தாள். மனைவி எதிரில் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, நான் கிராக்கி வந்திருக்கேன். நல்லதா நாலு எழுத்து எடுத்துப் போடுங்க. சரக்கு இருக்கா, இல்ல எதிர்க்கடைக்குப் போகட்டுமா? அங்க சிரிச்ச முகமா எடுத்துக் காட்டுறாங்களாம். இங்க வந்தவளை வாங்கன்னு சொல்லக்கூட ஆளில்ல. இப்படி யாவாரம் பண்ணா..."

விழிகள் விசுக்கென்று திரும்பின. திரையில் ஒரு எழுத்து விழுந்தது. பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். இன்னொன்று. பார்வை இப்போது விரித்த துணிமேல் நடக்கும் விரலைப் போல நேராக, பிசகாமல் போனது. மனைவி படபடப்பில் வாயை மூடவே இல்லை; "அப்படித்தான், போடுங்க, நிறுத்தாதீங்க" என்று கூவிக்கொண்டே இருந்தாள், எழுத்துகள் சேர்ந்து சொல்லாகும்வரை.

'சும்மா இரு.'

அவள் சிரித்த சிரிப்பில் கண் வழிந்தது. ஏழு மாதம் ஓயாமல் பேசியது அவள் கணக்கில் பற்று. வரவு, இரண்டு சொல். மீதியெல்லாம் பாக்கி. நாற்காலியை இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.