சத்து மருந்து

பல் பிடுங்கிய குழி ஆறவே இல்லை. ஐரீன் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்த்தாள், கிராம்பு வைத்துப் பார்த்தாள். வாரங்கள்தான் போயின. நாக்கால் தடவினால் கரடுமுரடாக ஏதோ தட்டுப்பட்டது. வாய் நாற்றம் தாங்க முடியாமல் போகவே, ஜெலுத்தோங்கில் பல் பிடுங்கிய அதே கிளினிக்குக்குப் போனாள்.

பல் டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அன்ட்டி, எலும்பு வெளிய தெரியுது. வேற என்ன மருந்து எடுக்கறீங்க?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே, பிரஷர் மாத்திரை மட்டுந்தான். அப்பப்ப ஆஸ்பத்திரியில சத்து மருந்து ஏத்துவாங்க."

"சத்து மருந்து எதுக்கு?"

"நுரையீரல்ல கேன்சர் இருந்துச்சு. கீமோ எல்லாம் முடிஞ்சிருச்சு."

அவர் கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். "அது சத்து மருந்தா இருக்காது அன்ட்டி. உடனே உங்க கேன்சர் டாக்டரப் போய்ப் பாருங்க."

ஐரீன் மகனுக்குப் போன் செய்யவில்லை. வாடகைக் கார் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

போன வருடம் வரை பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவள் அவள். சிகரெட்டைத் தொட்டதில்லை. அவளுக்கு வந்தது நுரையீரல் கட்டி. கீமோ அவளைச் சக்கையாகப் பிழிந்து போட்டது. கடைசிச் சுற்று முடிந்த அன்று மகன் டேரனிடம் தெளிவாகச் சொன்னாள்: "போதும். இனிமே மருந்துன்னு வராத." அவன் தலையாட்டினான். அதன் பிறகும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். "சத்து மருந்து லா மா. உடம்பு தேறணும்ல?" என்றான். அவள் நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் கேன்சர் டாக்டர் சுஹானா அவள் வாயைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். இருவரும் மலாய் மொழியில் பேசிக்கொண்டார்கள்.

"பல் பிடுங்கக் கூடாது என்று மகனிடம் சொல்லியிருந்தேனே."

"எனக்கு என்ன மருந்து ஏற்றுகிறீர்கள்?"

டாக்டர் அவளை வியப்போடு பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். கட்டி வளர ரத்தம் வேண்டும். அதற்காகப் பக்கத்து ரத்தக் குழாய்களுக்குச் சைகை அனுப்பும். புதுக் குழாய்கள் முளைத்துக் கட்டியை நோக்கி வரும். அந்தச் சைகையை இந்த மருந்து தடுக்கிறது. ஆனால் காயம் ஆறுவதற்கும் அதே புதுக் குழாய்கள் வேண்டும். மருந்துக்குக் கட்டி எது, காயம் எது என்று தெரியாது.

"அப்படியானால் மூக்கில் ரத்தம் வந்தது? பிரஷர் ஏறியது?"

"இந்த மருந்தால்தான். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். விவரம் எதுவும் கேட்க உங்களுக்கு விருப்பமில்லை என்று மகன் சொன்னார். கையெழுத்தும் நீங்கள்தானே போட்டீர்கள்?"

"அவன் காட்டிய இடத்தில் போட்டேன். நீங்கள் என்னைக் கேட்டிருக்க வேண்டும்."

"ஆமாம். கேட்டிருக்க வேண்டும்," என்றார் சுஹானா.

காயம் ஆறும்வரை மருந்தை நிறுத்தவேண்டும், அதற்குள் கட்டி வளரலாம் என்றும் சொன்னார்.

மாலையில் டேரன் வீட்டுக்குள் நுழைந்ததும் ஐரீன் விஷயத்தைச் சொன்னாள். அவன் பதறிவிட்டான்.

"ஏம்மா என்னைக் கேக்காம பல்லப் புடுங்குன? டாக்டர் எவ்வளவு சொன்னாங்க..." பாதியில் நிறுத்தினான்.

"யாருகிட்ட சொன்னாங்க?"

அவன் கார்ச் சாவியை மேசைமேல் வைத்தான்.

"மூக்குல ரத்தம் வந்தப்ப வெயில்னு சொன்ன. பிரஷர் ஏறுனப்ப கருவாடுன்னு சொன்ன. நான் கருவாட்ட விட்டேன்டா! எனக்குப் பிடிச்சதே அது ஒன்னுதான்!"

"நீ மருந்தே வேணான்னுட்ட. நான் என்னம்மா செய்றது? அப்பா போனதப் பாத்தேன். நீயும் போறதப் பாத்துக்கிட்டு உக்காரவா?"

"சண்ட போட்டிருக்கணும். அழுதிருக்கணும். இந்த மருந்து கீமோ மாதிரி இல்ல, முடி கொட்டாது, வாந்தி வராதுன்னு எடுத்துச் சொல்லியிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேன். ஏமாத்திட்டியே. என் உடம்புக்குள்ள என்ன ஓடுதுன்னு ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல!"

கையில் இருந்த தட்டைச் சிங்கில் போட்டாள். அது உடைந்தது. டேரன் பொறுக்கக் குனிந்தான்.

"விடு. அத நான் பாத்துக்கறேன்."

குழி மூட மாதங்கள் ஆயின. அதற்குள் ஒரு முறை எலும்புத் துண்டைச் சுரண்டி எடுத்தார்கள். அந்த நாட்களில் அவள் அவனோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாங்கி வந்த கஞ்சியைக் குடித்தாள், நன்றி சொல்லவில்லை.

பிறகு எடுத்த ஸ்கேன் முடிவைக் கேட்க அவன்தான் காரில் கூட்டிப் போனான். டாக்டர் அறை வாசலில், "நீ வெளிய இரு," என்றாள். உள்ளே போய் எல்லாவற்றையும் கேட்டாள், புரியாததைத் திரும்பக் கேட்டாள், அந்த மருந்தையே மறுபடி தொடங்கச் சொன்னாள். இந்த முறை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கார் ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் டேரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"கட்டி வளந்திருக்கு. கொஞ்சம் இல்ல, நல்லாவே வளந்திருக்கு. மருந்து இனிமே புடிக்குமான்னு அவங்களுக்கே தெரியல."

அவன் தோள்கள் குலுங்கின. ஒரு கையால் முகத்தைத் துடைத்தான். அவள் கைப்பையில் டிஷ்யூ இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றாள்.